செல்லக்கனி அம்மாள் மசாலா

லட்சுமிகாந்தத்துக்கு வயிற்றில் புண். காரம் ஆகாது. மசாலாப் பொடி விற்கத் திட்டம் போட்டுத் தருவதற்காக மதுரையிலிருந்து வந்த மனிதர், வந்த அன்றே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னார். கைருன்னிசா தன் கையால் அரைத்த பொடியில் கறிக்குழம்பு வைத்திருந்தாள். அவர் குழம்புக் கிண்ணத்தை இரண்டு விரலால் தள்ளி வைத்துவிட்டுத் தயிர் கேட்டார்.

"பொடிய ஒரு சிட்டிகை நாக்குல வச்சாவது பாக்க மாட்டீகளா?" என்றாள் கைருன்னிசா.

"ருசி வேற டிபார்ட்மென்ட்மா. நம்ம வேலை மனசுல."

அவள் தயிரை வைத்துவிட்டு உள்ளே போனாள். நாக்கைத் தாண்டாமல் மனசுக்குப் போகும் வழி எது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

விருதுநகரில் அவள் கணவர் முகம்மது நூகுவின் வீடு முன்பக்கம் தெருவைப் பார்த்து இருக்கும். பின்பக்கம் முழுக்கக் கொட்டகை. ஒரு ஓரம் மல்லி வறுக்கிற அடுப்பு, இன்னொரு ஓரம் அரவை மிஷின், நடுவில் தார்ப்பாயில் காயப்போட்ட வற்றல். வேலைக்கு வரும் பெண்கள் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு காலையில் உள்ளே நுழைந்தால், மத்தியானம் கஞ்சிக்குத்தான் துண்டை அவிழ்ப்பார்கள். மல்லி எந்த நிறத்தில் அடுப்பிலிருந்து இறங்க வேண்டும், வற்றல் எவ்வளவு நொறுங்க வேண்டும் என்பதெல்லாம் கைருன்னிசாவின் வாய்ச்சொல். மஞ்சள் பாக்கெட்டில் 'கைருன் மசாலா' என்று பேர் போட்டு, சாத்தூர், அருப்புக்கோட்டை, கல்லுப்பட்டி வரைக்கும் பொடி போய்க்கொண்டிருந்தது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அது போதாது என்று மகன் முகம்மது ரியாசுக்குப் பட்டது. சென்னையில் எம்.பி.ஏ. படித்து, ஒரு சோப்புக் கம்பெனியில் கொஞ்ச காலம் டை கட்டிவிட்டுத் திரும்பியவன். வந்ததிலிருந்து, "ஒருங்கிணைந்த மார்க்கெட்டிங் கம்யூனிகேஷன்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். சுருக்கி ஐ.எம்.சி. என்பான். "அது எந்த ஊர் ஆஸ்பத்திரிலே?" என்று நூகு ஒரு தடவை கேட்டார். மகன் சிரிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கு டாக்டராக வந்து சேர்ந்தவர்தான் லட்சுமிகாந்தம். 2007ஆம் வருஷத் தை மாசம்.

முன்னறையில் லட்சுமிகாந்தம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசினார். காலில் ஷூ அப்படியே இருந்தது. கழற்றச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

"சார், ரோட்டுல போறவன் சுவத்தைப் பாக்குறான். ஒரு முகம். பஸ்ல போறான், முன்னால போற பஸ் முதுகுல அதே முகம். கடையில பாக்கெட் எடுக்குறான், அதே முகம். வீட்டுக்கு வந்து டிவி போடுறான், அதே முகம். ரேடியோவுல அதே முகத்தோட குரல். எல்லாம் ஒரே நாள்ல, ஒரே நிறத்துல, ஒரே வார்த்தையில. தப்பிக்கவே முடியாது."

"சந்தா வசூல் பண்ண வர்றவன்கூட இப்பிடி எதுக்க எதுக்க வந்து நிக்க மாட்டானே" என்றார் நூகு.

"அத்தா, நீங்க சும்மா இருங்க" என்றான் ரியாஸ்.

"முகத்துக்கு முன்னாடி ஒரு கதை வேணும்" என்றார் லட்சுமிகாந்தம். "இந்தப் பொடிக்கு என்ன கதை?"

நூகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்கு அது பிடித்த விஷயம். "கதை இருக்குங்க. கல்யாணம் ஆன புதுசுல நான் மல்லிக் கமிஷன் கடையில சம்பளத்துக்கு நின்னேன். சிந்துன மல்லிய வீட்டுக்குக் கொண்டாருவேன். இவ அதை வறுத்துப் பொடிச்சு அக்கம்பக்கம் குடுப்பா. எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டு வந்தாக. நான் வேலைய விட்டுட்டு..."

"புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்க. இதைக் கேட்டு எவளுக்கு சார் கண்ணீர் வரும்?"

நூகு பழையபடி சாய்ந்து உட்கார்ந்தார். தான் உயிரோடு இருப்பது வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பதை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டதுபோல இருந்தது. அன்று சாயங்காலமே லட்சுமிகாந்தம் கதையைக் கட்டிவிட்டார். செல்லக்கனி அம்மாள். கரிசல்காட்டுத் தாய். சின்ன வயதில் புருஷனைப் பறிகொடுத்து, அம்மியில் மசாலா அரைத்தே பிள்ளைகளை ஆளாக்கியவள்.

"ஒங்கம்மா பேருக்கு என்ன கொறச்சல்?" என்று நூகு மெல்லக் கேட்டார்.

"அத்தா, கைருன்னு போட்டா நம்ம ஆளுக பொடின்னு ஒதுக்கிருவாங்க. செல்லக்கனின்னா எல்லா வீட்டுக்குள்ளயும் போகும்" என்றான் ரியாஸ்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கைருன்னிசா எல்லாவற்றையும் கேட்டாள். கொட்டகைக்குப் போய் அடுப்படியில் நின்ற ஞானசுந்தரியிடம், "மல்லியத் தள்ளு, கருகுது" என்றாள். மல்லி கருகவில்லை. ஞானசுந்தரி கரண்டியை அவளிடம் கொடுத்தாள்.

மாசியில் ஆமத்தூர்க் கருப்பணன் மல்லி கொண்டு வந்தார். வருஷா வருஷம் அவர் நிலத்து மல்லிதான் நூகுவுக்கு முதல் லோடு. நூகு அவரை மச்சான் என்பார், அவர் நூகுவை மாப்ளே என்பார். லோடு இறங்கினதும் சாப்பாடு நூகு வீட்டில்தான். கருப்பணனின் மனைவி வீரலட்சுமியும் மினிலாரியில் முன்னால் உட்கார்ந்து வந்துவிடுவாள். விருதுநகரில் கைருன்னிசாவோடு பேசிக்கொண்டிருப்பதைவிட அவளுக்கு வேறு ஊர் பார்க்கிற ஆசை கிடையாது.

வெயிலில் கறுத்து மின்னுகிற முகம். ரெண்டு பக்கமும் மூக்குத்தி. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். அவள் மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஞானசுந்தரியிடம் எதையோ சொல்லிச் சிரிப்பதைப் பார்த்து லட்சுமிகாந்தம் நாற்காலியை விட்டு எழுந்தார். பொடியைப் பார்த்து ஒரு நாளும் எழாதவர்.

"சார், அந்த அம்மா யாரு?"

நூகுதான் போய்க் கேட்டார். "தங்கச்சி, ஒரு போட்டோ பிடிக்கணுங்காக. கடைக்கு."

"எனக்கா? ரேஷன் கார்டுக்குப் பிடிச்சதோட சரிண்ணே." அவள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "கடையில மாட்டி வச்சா எலி வராதுன்னு பாக்கீகளா?"

"பிடிங்க மாப்ளே" என்றார் கருப்பணன். "நானும் பக்கத்துல நிக்கட்டுமா? சட்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"நீங்க வேண்டாங்க. கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி நில்லுங்க. உங்க நிழல் விழுகுது" என்றார் லட்சுமிகாந்தம்.

ரியாஸ் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சுங்குடிச் சேலையோடு வந்தான். வீரலட்சுமி கைருன்னிசாவின் அறையில் அதைக் கட்டிக்கொண்டு, சுளகில் மல்லியைப் புடைக்கிற மாதிரி நின்றாள். சிரிக்காதீங்க, கொஞ்சமாச் சிரிங்க, தலையைச் சாய்ங்க என்று வெயில் இறங்கும் வரை படம் பிடித்தார்கள். முடிந்ததும் அவள் சேலையை மடித்துக் கொடுத்தாள். ரியாஸ் அதன் ஓரத்தில் விலைச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். கைருன்னிசாவுக்குக் கூசிப்போய்விட்டது. தன் பெட்டியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் கொடுத்தாள். "எதுக்கு மதினி?" என்று கேட்டுக்கொண்டே வீரலட்சுமி வாங்கிக்கொண்டாள்.

சிவகாசியில் காலண்டர் சீசன் முடிந்து அச்சாபீசுகள் கொஞ்சம் மூச்சு விடுகிற நேரம். பங்குனி பிறந்ததும் கட்டுக் கட்டாகப் போஸ்டரும் பாக்கெட்டும் வந்து இறங்கின. ஒரு கட்டின் சணலைக் கைருன்னிசாதான் அறுத்தாள்.

மேலே 'கண்ணீரில் அரைத்த கைப்பக்குவம்' என்று கொட்டை எழுத்து. கீழே வீரலட்சுமி. ஓரத்தில், 'இளவயதில் கணவரை இழந்தேன். அம்மி என்னைக் கைவிடவில்லை. இப்படிக்கு, உங்கள் செல்லக்கனி அம்மாள்.'

கைருன்னிசா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டு போனாள். நெற்றி வெறுமையாக இருந்தது. குங்குமம் இருந்த இடம் துடைத்த வெண்கலம் மாதிரி வழவழவென்று இருந்தது. கழுத்தில் தாலிக்கயிறு இல்லை. ஒரு பக்க மூக்குத்தி மட்டும் மிச்சம்.

"ரியாசு! இங்க வாலே!"

அவன் செல்போனோடு வந்தான்.

"இது என்னலே?"

"நல்லா வந்திருக்குல்லம்மா? சிவகாசியில கம்ப்யூட்டர்ல பண்ணுனது."

"இவ புருசன் போன வாரம் நம்ம கொட்டகையில உக்காந்து வெத்தல போட்டுட்டுப் போனாரு. அந்த மனுசனக் கம்ப்யூட்டர்ல கொன்னுட்டீகளா?"

"அம்மா, இது வீரலட்சுமி அத்தை இல்ல. செல்லக்கனி. பிராண்டு."

"பிராண்டுக்கு இந்தப் பக்கத்து மூக்குத்தி மட்டும் எப்பிடிலே அவ மூக்குத்தியா இருக்கு?" அவள் போஸ்டரை அவன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "கண்ணீருல அரைச்சதாம்ல. கண்ணீரு பட்டா பொடி பூஞ்சை பிடிச்சுப் போகும். அதாவது தெரியுமா ஒங்க மதுரைக்காரருக்கு?"

நூகு வந்தார். படத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பொட்டு மட்டும் வச்சிரலாம்ல தம்பி?"

"எப்படி அத்தா? போஸ்டர்ல வச்சா பாக்கெட்ல வைக்கணும். பஸ்ல வைக்கணும். சாத்தூர்ல இருந்து சுவரெல்லாம் எழுதியாச்சு. டிவி படம் தயார். பொட்டு வச்சா கதையே போச்சு. இதுல ஒண்ணைத் தொட்டா எல்லாத்தையும் தொடணும். அதுக்குப் பேருதான் ஒருங்கிணைப்பு."

"அப்ப அவுககிட்ட..."

"நீங்க சொல்லிருங்க அத்தா. உங்களுக்குத்தான பழக்கம்."

"நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றார் நூகு.

அவர் சொல்லவில்லை. நாளைக்குப் போகலாம் என்றார். பிறகு வெயில் அதிகம் என்றார். பிறகு கருப்பணன் மிளகாய் எடுப்பில் இருப்பார், இடைஞ்சல் வேண்டாம் என்றார். மனைவியிடம் மட்டும் தினமும் விதவிதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள்.

குறித்த நாளில் எல்லாம் வெளியே வந்தது. லட்சுமிகாந்தம் சொன்னதுபோல் யாராலும் தப்பிக்க முடியவில்லை. பாலத்துச் சுவர், பஸ் முதுகு, மளிகைக் கடைப் பலகை, கேபிள் டிவி எல்லாவற்றிலும் அந்த வெறும் நெற்றி. எஃப்.எம்.மில் சென்னைக்காரி ஒருத்தி கரிசல் பேச்சு பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நாந்தேன் ஒங்க செல்லக்கனி" என்று விசும்பினாள். ஆமத்தூருக்குத் திரும்புகிற விலக்கில் பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரில் ஒரு பெரிய சுவர் இருந்தது. அதையும் விடவில்லை.

முதலில் சிரிப்பாகத்தான் போனது. டீக்கடையில் கருப்பணனைப் பார்த்து, "என்ன மாமா, எப்ப எந்திரிச்சு வந்தீக?" என்று கேட்டார்கள். அவரும், "பசிச்சுது, அதான் வந்தேன்" என்றார்.

அப்புறம் ஒரு மத்தியானம் வீரலட்சுமி தனியாக விருதுநகருக்கு வந்தாள். பங்குனிப் பொங்கலுக்குத் தெருவெல்லாம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டகை வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை.

"வா, உள்ள வா வீரு. வெயில்ல நிக்கிற."

"இருக்கட்டும் மதினி. ஒண்ணு கேட்டுட்டுப் போயிருதேன். எம் புருசன் என்னைக்குச் செத்தாரு?"

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கைருன்னிசா போய் நிறுத்தினாள். பெண்கள் துண்டை அவிழ்த்துவிட்டு நின்றார்கள்.

"ஏளாயிரம்பண்ணையில எங்க சித்தி ஒண்ணு இருக்கு. பட்டாசுக் கம்பெனிக்கு வேன்ல போகும். வளைவுல ஒரு சுவத்துல என் மொகத்தப் பாத்திருக்கு. எளுதியிருக்கிறத யாரோ வாசிச்சுச் சொல்லியிருக்காக. நம்மகிட்டச் சொல்லாமப் பொணத்த எடுத்துட்டாகளேன்னு நாலு பேரச் சேத்துக்கிட்டு அந்த வேன்லயே மாரடிச்சுக்கிட்டு வந்து எறங்குது. கையில கோடிச் சேல."

"யா அல்லா."

"அந்த மனுசன் வாசல்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காரு. 'வாங்க சித்தி'ன்னு எந்திரிக்காரு. அது அலறி அடிச்சுப் பின்னாலயே போயி மாட்டுத் தொட்டியில விளுந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன் மதினி. இன்னைக்கு நெனச்சாலும் சிரிப்பு வருது." அவள் சிரிக்கவில்லை. "சாப்பிட்டுட்டு வேன் ஏறிப் போயிட்டாக. அந்தக் கோடி மட்டும் வீட்டுல கெடக்கு. புருசன் செத்தவளுக்குன்னு வந்த சேல. திருப்பிக் குடுக்கக் கூடாதுங்காக. வீட்டுல வைக்கக் கூடாதுங்காக. எரிக்கக் கூடாதுங்காக. அந்த மனுசன் அதையே பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. மொளகாய்க்குத் தண்ணி பாச்சப் போகல. 'ஊரு பூரா எளுதி வச்சிருக்கானே, நான் என்னத்துக்குப் போகணும்'ங்காரு."

கைருன்னிசா அவள் கையைப் பிடித்தாள். அது விறைப்பாக இருந்தது.

"ஒனக்குத் தெரியுமா மதினி, அச்சடிக்கும்போது?"

"பாத்தேன். சண்டை போட்டேன். அதோட விட்டுட்டேன்."

வீரலட்சுமி கையை உருவிக்கொண்டாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் முன்னறையில் கைருன்னிசா எல்லாவற்றையும் சொன்னாள். லட்சுமிகாந்தம் ரொம்பக் கவனமாகக் கேட்டார். கேட்டு முடித்ததும் ரியாஸ் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? ஏழாயிரம்பண்ணை வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பளை மனசுல பதிஞ்சு, வண்டி பிடிச்சு வர வச்சிருக்கு. நான் சொன்னேன்ல?"

ரியாஸ் தலையை ஆட்டினான். தாய் தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் நிறுத்தினான். "அவங்களுக்கு ஒரு நல்ல பட்டுச்சேலை எடுத்துக் குடுத்துருவோம் அத்தா."

"இன்னொண்ணா?" என்றாள் கைருன்னிசா.

நூகு, "வெள்ளிக்கெழமை வியாபாரிக கூட்டம் முடியட்டும். அப்புறம் நானே நேர்ல போயி..." என்று இழுத்தார். அவள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். சந்தையில் சொத்தை வற்றலைக் கிள்ளிப் பார்த்துவிட்டுக் கீழே போடும்போது அவள் முகம் அப்படித்தான் இருக்கும். மறுநாள் காலையில் ஞானசுந்தரியிடம் ஆமத்தூருக்குச் சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை வியாபாரிகள் கூட்டம் நடக்கிற மண்டபத்துக்கு இரண்டு பேரும் வர வேண்டும், வீரு குங்குமம் வைத்துக்கொண்டு வர வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து மண்டபத்தில் வியாபாரிகள் கூடினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பையும், பையில் வீரலட்சுமியின் முகமும் கொடுத்தார்கள். பின்கட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. வாசனை பிடித்துக்கொண்டே வியாபாரிகள் லட்சுமிகாந்தத்தின் பேச்சைப் பொறுத்துக்கொண்டார்கள். வெள்ளைத் திரையில் செல்லக்கனி அம்மாள் சுவர் உயரத்துக்கு நின்றாள்.

"தமிழ்த்தாய்மார்களின் கண்ணீரை நாம் பாக்கெட்டில் அடைத்திருக்கிறோம்" என்று லட்சுமிகாந்தம் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது.

கருப்பணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். வீரலட்சுமி பக்கத்தில். நெற்றியில் குங்குமம் வழக்கத்தைவிடப் பெரிதாக, வேர்வையில் ஒரு கோடு இறங்கி நின்றது. கைருன்னிசா கொடுத்த சேலையைத்தான் கட்டியிருந்தாள். வியாபாரிகள் திரையைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடி திரையைப் பார்த்தார்கள்.

கருப்பணன் நடுவில் வந்து நின்று கும்பிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். நாந்தான் அந்தச் செத்துப்போன புருசன். என் கருமாதி விசேசத்துக்குச் சாப்பாடு போடுறதாச் சொன்னாக. எலை எங்கன விரிச்சிருக்கு?"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பத்துப் பேர். லட்சுமிகாந்தம் ஒரு கணம்தான் தடுமாறினார். மைக்கை வாயருகே கொண்டு வந்து, "நண்பர்களே! நம்ம செல்லக்கனி அம்மாவே நம்மளை வாழ்த்த நேர்ல வந்திருக்காங்க! பலமா கைதட்டுங்க!" என்றார். சிலர் தட்டவும் செய்தார்கள். அவர் கருப்பணனின் தோளில் கைபோட்டார். "கூட வந்திருக்கிறது அம்மாவோட அண்ணன். கிராமத்துக் குசும்பு!"

கைதட்டல் பாதியில் நின்றது. வீரலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். கருப்பணன் தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டார். அடிப்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் மேடையோரம் நின்ற நூகுவைப் பார்த்தார்.

"மாப்ளே, நீங்க சொல்லுங்க. இவளுக்கு நான் யாரு?"

நூகுவின் உதடு அசைந்தது. கண் மகனிடம் போயிற்று. மகன் வேண்டாம் என்று தலையசைத்தான். நூகு கையிலிருந்த பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

அப்போது பின்கட்டுக் கதவிலிருந்து கைருன்னிசா வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, ஆண்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளுக்கு நடுவே நடந்து வந்தாள். அந்த ஊரில் அவள் பொடியைத் தின்னாதவர்கள் இல்லை. அவளை அப்படி ஒரு கூட்டத்தில் பார்த்தவர்களும் இல்லை. மைக்கை அவள் தொடவில்லை. தேவையும் இருக்கவில்லை.

"அண்ணாச்சிமாருக எல்லாம் இருக்கீக. இந்தப் பொடிய அரைக்கிறது நான். பேரு கைருன்னிசா. அது ரகசியமில்ல, பழைய பாக்கெட்டுல இருந்துச்சு. இவ வீரலட்சுமி. எங்களுக்கு மல்லி வெளைய வச்சுக் குடுக்கிற வீட்டுக்காரி. பக்கத்துல நிக்கிறது இவ புருசன், அண்ணன் இல்ல. கடைக்குன்னு பொய் சொல்லிப் படம் பிடிச்சு, பொட்டையும் தாலியையும் அழிச்சு ஊரு பூரா ஒட்டுனது எங்க வீட்டு ஆம்பளைக."

"அம்மா, வேண்டாம்" என்றான் ரியாஸ்.

"இருலே. ஒங்க திட்டத்துக்கு ஒரு வளி சொல்லுறேன்." அவள் லட்சுமிகாந்தத்தின் பக்கம் திரும்பினாள். "புருசன் செத்தவ படந்தான வேணும்? என் படத்தப் போடுங்க. எம் புருசன் செத்துட்டாருன்னு எளுதுங்க. இந்தா நிக்காகளே, இம்புட்டு நேரமா ஒரு வார்த்தை வருதா பாருங்க. நீங்க எளுதுனா பொய்யின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாக."

பின்கட்டில் யாரோ பிரியாணி அண்டாவின் மூடியைத் திறந்தார்கள். மூடி கல்லில் விழுந்து உருண்டது.

நூகு பையைக் கீழே வைத்தார். மெதுவாக நடந்து போய்ச் சுவரிலிருந்த வயரைப் பிடித்து இழுத்தார். திரை வெறும் வெள்ளையானது. ஏதாவது சொல்லுவார் என்று எல்லோரும் பார்த்திருந்தார்கள். "மச்சான், சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.

"செத்தவன் சாப்பிட மாட்டான் மாப்ளே" என்றார் கருப்பணன். மனைவியை அழைத்துக்கொண்டு வெளியே போனார். வாசல் வரைக்கும் கைருன்னிசா கூடவே போனாள். படி இறங்கும்போது வீரலட்சுமி திரும்பிப் பார்த்தாள்.

வியாபாரிகள் சாப்பிட்டார்கள். நன்றாகவே சாப்பிட்டார்கள். பைகளை மட்டும் பாதிப்பேர் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். லட்சுமிகாந்தம் ஷூக்காலோடு எச்சில் இலைகளைத் தாண்டிப் போய் மதுரை பஸ் பிடித்தார். கொஞ்ச நாளில் வேறொரு ஊரில் ஒரு நெய்க் கம்பெனிக்குத் திட்டம் போடுகிறார் என்று தகவல் வந்தது. ரியாஸ், "ஒரே வருஷத்துல தமிழ்நாடு பூரா போயிருக்கும். பொம்பளை பேச்சுல கெட்டுச்சு" என்று சொல்லிக்கொண்டு சென்னைக்கே திரும்பிப் போனான். கைருன்னிசா அவனுக்கு வழிக்குச் சோறு கட்டிக் கொடுத்தாள். மசாலாப் பொடி கேட்டான். பழைய மஞ்சள் பாக்கெட்டில் இரண்டு எடுத்து வைத்தாள்.

போஸ்டரைக் கிழிக்க முடிந்தது. டிவியையும் ரேடியோவையும் நிறுத்த முடிந்தது. சுவர்களுக்குக் கூலிக்கு ஆள்விட்டு வெள்ளையடித்தார்கள். ஆமத்தூர் விலக்குச் சுவருக்கு மட்டும் ஆள் விட வேண்டாம் என்றாள் கைருன்னிசா.

"அங்க நீங்க போங்க. உங்க கையால அடிங்க."

நூகு போனார். சித்திரை வெயில். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களும் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, கைலியை மடித்துக் கட்டி, ஏணி போட்டு, நார் மட்டையால் சுண்ணாம்பு அடித்தார். பழக்கமில்லாத கை. சுண்ணாம்பு முழங்கையில் வழிந்தது, கண்ணில் தெறித்தது. யாரும் உதவிக்கு வரவில்லை. டீ வேண்டுமா என்றும் கேட்கவில்லை. பெயிண்டின் மேல் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்கவில்லை. எழுத்து மறைந்தது. ஆனால் முகம் காயக் காய உள்ளேயிருந்து மறுபடியும் மேலே வந்தது. மறுநாளும் வந்து அடித்தார்.

கருப்பணன் டி.வி.எஸ். வண்டியில் மிளகாய் மூட்டையோடு அந்த வழியாக வந்தார். பின்னால் வீரலட்சுமி. அந்த வருஷம் அவர்கள் மிளகாயைச் சாத்தூர் வியாபாரி ஒருவருக்குப் பேசியிருந்தார்கள். நூகுவுக்கும் அது தெரியும். வண்டி நின்றது. நூகு ஏணியில் நின்றபடியே திரும்பினார். மட்டையிலிருந்து சுண்ணாம்பு சொட்டியது. கருப்பணன் சாலையைப் பார்த்துக்கொண்டு, இஞ்சினை அணைக்காமல் நின்றார்.

வீரலட்சுமி சுவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"கண்ணுக்கிட்ட இன்னொரு கை அடிங்கண்ணே" என்றாள். "நான் இன்னமும் தெரியுதேன்."